உப்புக்கலத்தின் மேல் வழக்கு

கராச்சர்மா வீட்டிலிருந்து குட்வில் எஸ்டேட் வரைக்கும் ஸ்கூட்டரில் வரும்போது ஈஸ்வரன் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "இன்னிக்கு ஒருத்தனைக் கிழி கிழின்னு கிழிக்கப் போறேன், பாத்துக்கோ." சொல்லிவிட்டு ஹாரனை வேறு அடித்தார். முன்னால் ஒரு நாய்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி வைஜெயந்தி சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒருத்தன் வேறு யாருமில்லை, அவள்தான்.

ஆமாம். 'உப்புக்கலம்' தொடரின் அட்டையில் திமிலன் என்று மீசை முறுக்கின மாதிரி ஒரு பெயர் இருக்கிறதே, அந்தத் திமிலன் போர்ட் பிளேயரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் இந்த வைஜெயந்திதான். புருஷன் கப்பலில் போகிற நாட்களில் செல்போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டியே இரண்டு பாகம் முடித்துவிட்டாள். மூன்றாவது பாகம் பாதியில் நிற்கிறது. சென்னையில் இருக்கும் பதிப்பகத்துக்காரருக்கும், அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் ஷீலாவுக்கும் தவிர ஈ காக்காய்க்குக்கூட இது தெரியாது. முக்கியமாக ஈஸ்வரனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

பெண்டாட்டி கதை எழுதுகிறாள் என்று புருஷனுக்குத் தெரிந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். இந்த வீட்டில் முழுகிவிடும். ஏன் என்று சொல்கிறேன் பேர்வழி என்று சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிடலாம். அவர்களுக்கு தர்ஷினி என்று ஒரு மகள் இருந்தாள். ஒன்றாம் வகுப்பு முடிக்கவில்லை, காய்ச்சலில் போய்விட்டாள். அன்றைக்கு அவள் அப்பன் எப்படி இருந்தான் என்பதை வைஜெயந்தி யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் வைத்து வைத்துப் புழுங்கி, கடைசியில் இரண்டாம் பாகத்தில், ஆதன் என்ற பாத்திரத்தின் தலையில் அப்படியே இறக்கி வைத்துவிட்டாள். அந்தப் பக்கங்களை எழுதியது தன் பெண்டாட்டி என்று ஈஸ்வரனுக்குத் தெரிந்தால் அதற்கு மேல் அந்த வீட்டில் என்ன மிச்சமிருக்கும்?

மிச்சம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அது புத்தகச் சண்டை. தர்ஷினி போன பிறகு அந்தப் பெயரை இருவரும் ஒருவர் முன் ஒருவர் சொன்னதே இல்லை. சோறு போடவா, கரண்ட் போச்சு, தண்ணி வந்துச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் புத்தகம் என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் உயிர் வந்துவிடும். ஈஸ்வரன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் இன்ஜின் ரூம்காரர். விண்வெளிக் கதை என்றால் அவருக்கு நட்டும் போல்ட்டும் சரியாக இருக்க வேண்டும். எரிபொருள் எவ்வளவு, சூடு எத்தனை டிகிரி, காற்று தீர்ந்தால் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர் கணக்குச் சொல்ல வேண்டும். டிராகன் வந்தால் போதும், மனுஷனுக்கு ஆகாது. "அது என்ன தின்னுது? எவ்ளோ வெயிட்டு? அந்த வெயிட்டுக்கு அந்த இறக்கை பத்துமா? சொல்லு பாப்போம்!" என்று பாய்வார்.

வைஜெயந்திக்கு நேர் எதிர். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். நதி பேச வேண்டும், சாபம் பலிக்க வேண்டும், ராணி பைத்தியமாக வேண்டும். "உங்க புக்குல ராக்கெட் மட்டும்தாங்க உயிரோட இருக்கு, மனுஷங்க எல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ்" என்பாள். அவர் முகம் சிவக்கும். சாப்பிட்ட கை காயக் காயச் சண்டை நடக்கும். அந்த நேரம் மட்டும் அவர்கள் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருப்பார்கள். அதுவும் போய்விட்டால் அப்புறம் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள்தான். இது வைஜெயந்திக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் 'உப்புக்கலம்' புத்தகத்தை வீட்டு வாசப்படி ஏற்றாமலே காப்பாற்றி வந்தாள்.

காப்பாற்றியதைக் கெடுத்தவன் அருண்பிரசாத். இருவரும் போய்வருகிற வாசகர் வட்டத்தில் ஒருவன், செல்போன் கடை வைத்திருப்பவன். ஏழு பாகத்துக்குக் குறைந்த தொடரைக் கையால் தொடமாட்டேன் என்று விரதம் இருந்தவன், எந்த நேரத்திலோ 'உப்புக்கலம்' படித்துவிட்டு அதற்கு அடிமையாகிவிட்டான். கேம்பல் பே போகும் கப்பலில் டியூட்டிக்குக் கிளம்பிய ஈஸ்வரன் கையில் இரண்டு பாகத்தையும் திணித்து, "அண்ணா, இதைப் படிங்க, அப்புறம் பேசுங்க" என்று அனுப்பிவிட்டான். நல்லது செய்வதாக நினைப்பு!

ஈஸ்வரன் திரும்பி வந்து கப்பல் துறையில் இறங்கியபோதே முகம் சரியில்லை. வீட்டுக்கு வந்து பையை வைத்தார், குளிக்கப் போனார். வைஜெயந்தி அழுக்குத் துணி எடுக்கிற சாக்கில் பையைத் திறந்து பார்த்தாள். இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கத்தின் முனை மடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தை மடிக்கிறவனின் கையை ஒடிக்க வேண்டும் என்று சொல்கிற மனுஷன் அவர். பிரித்தாள். ஆதனின் மகள் சாகிற அத்தியாயம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அந்தப் புத்தகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் முதல் கவளத்திலேயே ஆரம்பிக்கிறவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. திமிலன் எழுதிய 'உப்புக்கலம்' தொடரின் மேல் ஈஸ்வரன் வழக்குப் போடுகிறார்.

வழக்கு என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். இந்த வட்டத்துக்கென்று ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் மெயின்லேண்டில் குற்றம் செய்தவர்களைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள் அல்லவா? அதற்குப் பதிலாக இவர்கள் குற்றம் செய்த புத்தகத்தைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கு அனுப்புவார்கள். நாடு கடத்தல் என்று பெயர். பிடிக்காத தொடரின் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். அதற்காக வாதாட ஓர் ஆளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். கடைசியில் எல்லோரும் கை தூக்க வேண்டும், வழக்குப் போட்டவரும் வாதாடியவரும் உட்பட. தோற்றால், உறுப்பினர்கள் வீட்டில் இருக்கிற பிரதிகள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டு அடுத்த சென்னைக் கப்பலில் போகிறவர் கையில் போய்ச் சேரும். அவர் அதைத் துறைமுகத்து பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அதற்கப்புறம் அந்தத் தொடரைப் பற்றி வட்டத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. வழக்கு நடக்கும்போது சொந்தம் பந்தம் கிடையாது. அண்ணன், அக்கா, வாடி, போடா எதுவும் கூடாது. நீங்க, வாங்கதான். ஒரு தடவை மாமனாரும் மருமகனும் மாறி மாறி மரியாதை கொடுத்தே அடித்துக்கொண்டார்கள்.

குட்வில் எஸ்டேட்டில் சிவப்பிரகாசத்தின் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் போட்டாயிற்று. துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வட்டத்தின் தலைவர் அவர்தான், நீதிபதியும் அவர்தான். காலப்பயணம் இல்லாத கதையெல்லாம் அவருக்குக் கதையே இல்லை. பழைய காலத்துக்குப் போய் எதையாவது மாற்றிவிட்டு வர வேண்டும், அப்போதுதான் திருப்தி. அவர் மனைவி அன்னம்மாள் உள்ளே பஜ்ஜிக்கு எண்ணெய் வைத்திருந்தாள். பதினைந்து பேர் போல வந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

ஷீலா வைஜெயந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதில் முணுமுணுத்தாள். "என்னடி, மூஞ்சி வெளிறிக் கிடக்கு? அண்ணாவுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"தெரியல ஷீலா. வாயே திறக்க மாட்டேங்கிறாரு. பக்கத்தை மடிச்சு வச்சிருக்காரு."

"எந்தப் பக்கத்தை?"

"அந்தப் பக்கத்தைத்தான்."

"ஐயோ!" என்று ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். "தலைவலின்னு சொல்லிட்டுக் கிளம்பிரு. நான் ஆட்டோ பிடிச்சுத் தர்றேன்."

கிளம்பியிருப்பாள். அதற்குள் சிவப்பிரகாசம் எவர்சில்வர் டம்ளரில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கிவிட்டார். ஒன்றை எடுத்துப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார். "தொடருக்காக வாதாடுபவர், வைஜெயந்தி!"

கூடம் சிரித்தது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நேருக்கு நேர் என்றால் யாருக்குத்தான் ருசிக்காது? அருண்பிரசாத் விசிலே அடித்தான். ஷீலா எழுந்து, "சார், நான் வேணா மாத்திக்கிறேன், எனக்கு அந்தத் தொடர்னா உயிரு" என்றாள். அவளுக்கு உயிர், காதலிக்கிற ரோபோ கதைகள் மேல்தான் என்று ஊருக்கே தெரியும். சிவப்பிரகாசம் கையைக் காட்டினார். "சீட்டு விழுந்தது விழுந்ததுதாம்மா. மாத்துற பேச்சே கிடையாது."

வைஜெயந்தி எழுந்து போய் ஈஸ்வரனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மடியில் புத்தகம் இருந்தது.

"ஆரம்பிக்கலாம்" என்றார் சிவப்பிரகாசம்.

ஈஸ்வரன் எழுந்து தொண்டையைச் செருமினார். "முதல் குற்றச்சாட்டு. இது விண்வெளிக் கதையா, விட்டலாச்சார்யா மாயாஜாலப் படமா? நட்சத்திரத்துக்கு நடுவுல ஒரு கப்பல் போகுது, சரி. கப்பல் வயித்துக்குள்ள ஒரு கடல் இருக்கு, அதையும் ஒத்துக்கிறேன். அந்த உப்புத் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குறதுக்கு என்ன மெஷின் வச்சிருக்கான்னு தேடித் தேடிப் பாத்தேன். மெஷினே இல்லை. மந்திரமாம்! குடத்து மேல கையை வச்சு முணுமுணுத்தா உப்பு இறங்கிடுமாம்! அரே பாய், அப்படி இருந்தா நாங்க எதுக்கு டேங்கர் தண்ணிக்கு லைன்ல நிக்கிறோம்?"

கூடம் கொல்லென்று சிரித்தது. வைஜெயந்திக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் பயம் கொஞ்சம் விலகி நின்றது. தன் பிள்ளையை எவனோ கிள்ளின மாதிரி எழுந்தாள்.

"நீங்க பாதியைத்தான் சொல்றீங்க. அந்த மந்திரம் சும்மா பலிக்காது. ஒரு குடம் தண்ணிக்கு ஒரு ஞாபகம் போயிரும். தண்ணி வேணும்னா எதை மறக்கிறதுன்னு ஒவ்வொருத்தரும் முடிவு பண்ணணும். உங்க கதையில எரிபொருளுக்குக் கணக்கு இருக்குன்னு பெருமை பேசுவீங்களே, இதுவும் கணக்குதான். எரியறது டீசல் இல்லை, மனசு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"சபாஷ்!" என்றான் அருண்பிரசாத். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். ஈஸ்வரன் தலையை ஆட்டினார், ஒரு கணம் அந்தப் பழைய சண்டைக்காரச் சிரிப்புக்கூட உதட்டோரம் வந்தது. அது வந்ததைப் பார்த்து வைஜெயந்திக்கு மூச்சு வந்தது. தெரியாது, இவருக்கு ஒன்றும் தெரியாது, வழக்கம்போல டிராகன் சண்டைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது குற்றச்சாட்டு இறக்கை முளைத்த திமிங்கிலத்தைப் பற்றி. எடை, இறக்கை, தீனி என்று அவர் அடுக்கினார். அவள் விடவில்லை. வெற்று வெளியில் எடை ஏது, எடை இல்லாத இடத்தில் இறக்கை சின்னதாக இருந்தால் என்ன என்று அவர் கத்தியையே வாங்கி அவரைக் குத்தினாள். சிவப்பிரகாசமே நாற்காலியில் துள்ளினார். அன்னம்மாள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள். கை தூக்கச் சொன்னால் அந்த நிமிஷமே 'உப்புக்கலம்' தப்பித்திருக்கும்.

"மூணாவது" என்றார் ஈஸ்வரன்.

குரல் மாறியிருந்தது. அவர் புத்தகத்தைப் பிரித்தார். மடித்த பக்கம்.

"கப்பல்ல பம்ப் பாத்துக்கிறவன் ஒருத்தன் இருக்கான், ஆதன்னு பேரு. அவன் மக செத்துப் போறா. சின்னப் புள்ளை." அவர் மடிப்பை விரலால் நீவினார். யாரோ தும்மினார்கள். "பிள்ளையைக் கிடத்தி வச்சிருக்காங்க. ஊரே அழுவுது. இவன் மட்டும் பம்ப் ரூமுக்குள்ள போயி பம்பைப் பிரிக்கிறான். பிரிச்சு மாட்டுறான், மறுபடியும் பிரிக்கிறான். பொண்டாட்டிகிட்ட வரவே இல்லை. இதுல எழுதியிருக்கு, வாசிக்கிறேன். 'ஊருக்கெல்லாம் நீர் இறைத்தவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அவள் கதவருகே நின்று பார்த்தாள். அது முதுகு இல்லை, கல்.'"

கூடத்தில் சிரிப்பு நின்றிருந்தது. தர்ஷினியை அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஷீலா தரையைப் பார்த்தாள்.

வைஜெயந்திக்கு அந்தக் கூடமே இல்லை. அன்றைய கராச்சர்மா வீட்டில் நின்றுகொண்டிருந்தாள். நடுக்கூடத்தில் தர்ஷினியைப் பச்சைப் பாவாடை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே என்று தேடினாள். கொல்லைப்புறத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், மோட்டாரின் மேல் கவிந்து குந்தியிருந்தார், கையில் ஸ்பேனர், முதுகு மட்டும் தெரிந்தது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து வாசலில் நின்றவர்கள் கால் எல்லாம் நனைந்தது. "அந்த மோட்டாரை யாராச்சும் நிறுத்துங்கப்பா!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மகளைத் தூக்கும் நேரத்தில் வந்து தூக்கினார், கண் வறண்டு கிடந்தது. பாவி மனுஷா, உனக்கு மோட்டார்தான் பெரிசா என்று அன்றைக்கு அவள் வயிறெரிந்தது இன்னும் அணையவில்லை.

எழுதும்போது ஒன்றை மட்டும் மாற்றினாள். தொட்டி வழிய வழிய மோட்டார் ஓடியது என்று எழுதினால் எவனும் நம்பமாட்டான் என்று தோன்றியது. அதனால் ஆதனை பம்பைக் கழற்ற வைத்தாள்.

"என் குற்றச்சாட்டு இதுதான்" என்றார் ஈஸ்வரன். "முந்தின அத்தியாயத்துல பம்ப் நல்லா ஓடுதுன்னு எழுதியிருக்கு. நல்லா ஓடுற பம்பை ஒருத்தன் எதுக்குப் பிரிப்பான்? இன்ஜின் ரூம்ல இத்தனை வருஷமா இருக்கேன், எவனும் பிரிக்க மாட்டான். அதுகூடப் பரவாயில்லை. மக செத்துக் கிடக்கிறப்ப ஒரு சொட்டுக்கூட அழாத அப்பன்! அப்படி ஒருத்தன் உலகத்துல கிடையாது. மனுஷனையே தெரியாத ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருக்கான். இதை இந்தத் தீவுலயே வச்சிருக்கக் கூடாது. நான் முடிச்சிட்டேன்."

உட்கார்ந்துவிட்டார்.

"வாதாடுறவங்க பதில் சொல்லலாம்" என்றார் சிவப்பிரகாசம். அவருக்கும் குரல் இறங்கியிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். பதில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புத்தகம் கப்பலேறியிருக்கும், அதைப் பற்றி வட்டத்தில் எவனும் வாய் திறந்திருக்க மாட்டான், ரகசியம் ரகசியமாகவே கிடந்திருக்கும். அவள் எத்தனையோ நாளாக ஆசைப்பட்டது அதுதானே? ஷீலா கண்ணாலேயே கெஞ்சினாள், வேண்டாம்டி, உட்காரு. வைஜெயந்தியும் உட்காரத்தான் நினைத்தாள். ஆனால் 'அப்படி ஒருத்தன் கிடையாது' என்கிறாரே! இத்தனை வருஷமும் அவள் எதை நினைத்து வெந்தாளோ, அது நடக்கவே இல்லை என்று அந்த மனுஷனே நெஞ்சறிந்து சொல்கிறாரே! அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இருக்கான்" என்றாள்.

"என்னது?"

"அப்படி ஒரு அப்பன் இருக்கான். நான் என் கண்ணால பாத்திருக்கேன்."

ஈஸ்வரன் மெதுவாக நிமிர்ந்தார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வை முகத்திலிருந்து புத்தகத்துக்குப் போயிற்று, அட்டைக்குப் போயிற்று, மறுபடியும் முகத்துக்கு வந்தது. அவர் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக வந்து பொருந்துவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கப்பலில் அவர் போன நாட்கள், அவள் கையை விட்டு இறங்காத செல்போன், வீட்டு வாசலே மிதிக்காத இந்த ஒரு புத்தகம். போச்சு. எல்லாம் போச்சு.

"எங்க பாத்தீங்க?" என்றார். 'நீங்க' என்கிற வட்டத்து விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து."

"எதைப் பாத்தீங்க?"

"முதுகை."

"முதுகை மட்டும்தான் பாத்தீங்களா?"

"அந்த அப்பன் எனக்குக் காட்டினது அது மட்டும்தான்."

அருண்பிரசாத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. சிவப்பிரகாசத்துக்குப் பாதி பிடிபட்டுவிட்டது, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார்.

ஈஸ்வரன் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இதைக் கேம்பல் பே போறப்ப படிச்சேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "யாரோ என் வீட்டுக் கொல்லையில நின்னு எட்டிப் பாத்துட்டு, தப்பா எழுதின மாதிரி இருந்துச்சு. யாருன்னு தெரியலை. அந்த ஆள் கையில கிடைச்சா என்ன பண்றதுன்னு தெரியாம கேஸ் போட்டேன்." பிறகு வைஜெயந்தியின் பக்கம் திரும்பினார். "எழுதினவங்க சரியா பாக்கலை. மோட்டாரைப் பிரிக்கலை. ஓடிக்கிட்டு இருந்துச்சு. தொட்டி நிறைஞ்சு வழிஞ்சப்பவும் ஓடுச்சு."

"தெரியும்" என்றாள் வைஜெயந்தி. "ஓடினது தெரியும். எதுக்குன்னுதான் தெரியலை. எல்லாரும் நிறுத்துங்கன்னு கத்துறாங்க. எதுக்கு நிறுத்தலை?"

அத்தனை வருஷமும் கேட்காமல் விட்ட கேள்வி. கேட்டுவிட்டாள், அதுவும் பதினைந்து பேர் முன்னால்.

"நிறுத்தினா சத்தம் நின்னுரும்."

"சத்தம் எதுக்கு?"

அன்னம்மாள் கரண்டியை எங்கோ வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் அழுவுறது உனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்" என்றார் ஈஸ்வரன். "நீ விழுந்துருவேன்னு எல்லாரும் உன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு வயித்துலேர்ந்து வருது, அடக்க முடியலை. நான் கத்தினா நீ செத்துருவேன்னு நினைச்சேன். மோட்டாரைப் போட்டுட்டு அது மேல வாயை வச்சு அழுதேன். யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு கையில ஸ்பேனர் வச்சுக்கிட்டேன். காலையிலேர்ந்து தூக்குற நேரம் வரைக்கும் அழுதேன் வைஜி. அதான் கடைசியில ஒண்ணும் வரலை."

வைஜெயந்தியின் கண் அந்தப் புத்தகத்தின் மேல் போனது. கல் என்று எழுதினாளே! எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு என்ன அருமையான வரி என்று பாராட்டினார்கள்! அதை எழுதிய அன்றைக்கு அவளே அந்த வரியை எத்தனை தடவை வாசித்து வாசித்துப் பார்த்துக்கொண்டாள்!

அவள் கூடத்தின் பக்கம் திரும்பினாள். "நான்தான் திமிலன்" என்றாள். "இதை எழுதினது நான்தான். அவரு சொல்றதுதான் சரி. எனக்கு ஆளைத் தெரியலை, கூட இருந்தும் தெரியலை." கையை உயர்த்தினாள். "கப்பல்ல ஏத்துங்க. என் கை, ஒண்ணு."

சிவப்பிரகாசம் எண்ண வேண்டியவர், எண்ணவில்லை. அருண்பிரசாத் தன் கையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஷீலா வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தாள். வைஜெயந்தி ஒருத்தியின் கை மட்டும் அந்தக் கூடத்தில் உயர்ந்து நின்றது.

ஈஸ்வரன் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கையை இறக்குடி" என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தர்ஷினி" என்று மட்டும் வந்தது. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், அந்தப் பெரிய மனுஷன் குரலெடுத்து அழுதார்.